ஓடும் கணிப்பொறிக்கு ஒட்டுப் போடலாமா?

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை மீது ஏறினால் காவலூர் என்னும் சிற்றூரை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே, வெண்ணிறக் கூண்டுகள் தெரியும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த வைணு பாப்பு வானாய்வகம் அதுதான்.

1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி இரவு. யுரேனஸ் கோள் ஒரு மங்கலான நட்சத்திரத்தின் முன்னே கடந்து செல்லப் போகிறது என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள். காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியை அந்த நட்சத்திரத்தின் மீது திருப்பி, அதன் ஒளியளவைப் பதிவு செய்துகொண்டிருந்தனர். கோள் நட்சத்திரத்தை மறைக்காத நேரத்தில் அதன் ஒளி திடீரென்று மங்கியது. சில விநாடிகள்தான். பிறகு பழையபடி ஒளிர்ந்தது. அதே இரவில் அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் ஏற்றிச் சென்ற தொலைநோக்கியிலும் இத்தகைய மங்கல்கள் பதிவாயின. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது.

அந்தச் சில விநாடிகளைத் தவறவிட்டிருந்தால் திரும்பப் பெற முடியுமா? முடியாது. வானம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இன்று பெரிய தொலைநோக்கிகளுக்குப் பின்னால் கணிப்பொறிகள் இருக்கின்றன. குழாயைத் திருப்புவது, நட்சத்திரத்தைத் தொடர்வது, ஒளியைப் பதிவு செய்வது எல்லாம் அவற்றின் பொறுப்பு. அத்தகைய ஓர் இரவில், ‘பாதுகாப்புக் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, திருத்தத்தை ஏற்றிக் கணிப்பொறியை மறுபடி தொடங்குக’ என்று செய்தி வந்தால் என்ன செய்வது? வானாய்வகத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. விடிந்ததும் நிறுத்தித் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பகல் இரவு என்ற வேறுபாடே இல்லாத கணிப்பொறிகளும் இருக்கின்றன. மருத்துவமனையில் நோயாளியின் நாடித் துடிப்பைக் கவனிக்கும் கணிப்பொறி, தொலைபேசி இணைப்பகத்தின் கணிப்பொறி, செல்பேசியில் நாம் அனுப்பும் பணத்தைக் கைமாற்றிவிடும் வங்கிக் கணிப்பொறி ஆகியவற்றை எந்த மணிக்கு நிறுத்துவது?

நிறுத்தாமலே திருத்த ஒரு வழி இருக்கிறது. ‘லைவ் பேட்ச்’ என்று அதற்குப் பெயர். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த சட்டைக்குப் போடுகிறோமே, அதே ஒட்டுத்தான். சட்டையைக் கழற்றாமல், அதை அணிந்தவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒட்டுப் போட வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஊசி எங்கே குத்தும் என்று தையற்காரர் முன்னதாகவே யோசிக்க வேண்டும் அல்லவா? அந்த யோசனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பருப்பு எது?

கணிப்பொறியில் நாம் பார்ப்பது மேல்தோலை மட்டுமே. படம் காட்டும் நிரல், பாட்டுக் கேட்கும் நிரல், கடிதம் எழுதும் நிரல் எல்லாம் வெளியே இருப்பவை. இவற்றுக்கெல்லாம் நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, எது எப்போது ஓடலாம் என்று முறைவைத்து, ஒன்றின் பொருளை மற்றொன்று தொடாமல் காவல் காக்கும் உள்நிரல் ஒன்று உண்டு. அதைக் கெர்னல் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று மூன்று கோடி வரிகளுக்கும் மேலாக வளர்ந்துள்ளது. உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு செல்பேசி இருந்தால் அதற்குள்ளும் இதுவே இருக்கிறது. இத்தனை வரிகளில் பிழையே இராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிழை தெரிந்ததும் திருத்தம் எழுதப்படுகிறது. ஆனால் கெர்னல், கணிப்பொறி தொடங்கும்போது ஒரே ஒரு முறை நினைவகத்தில் ஏறி உட்காருவது. ஆகவே திருத்திய கெர்னல் வேலைக்கு வர வேண்டுமானால் கணிப்பொறியை அணைத்து மீண்டும் தொடங்க வேண்டும். இதுதான் வழக்கமான முறை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த ஜெஃப் அர்னால்டு என்பவர் ஒரு கணிப்பொறியைப் பராமரித்து வந்தார். பயன்படுத்துவோருக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று மறுதொடக்கத்தைத் தள்ளிப்போட்டார். அந்த இடைவெளியில் திருத்தப்படாத ஓட்டை வழியாக யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள். மறுதொடக்கமே தேவைப்படாத திருத்தம் சாத்தியமா என்ற கேள்வி அதிலிருந்து பிறந்தது. 2008இல் அவர் வெளியிட்ட ‘கேஸ்பிளைஸ்’ என்னும் நிரல் அதற்கு விடையாக அமைந்தது.

வாசலில் ஒரு கைகாட்டி

கெர்னல், செயற்கூறுகள் எனப்படும் சிறு சிறு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு செயற்கூறுக்கும் ஒரு வேலை. ஒன்று மற்றொன்றை அழைக்கும். அழைக்கப்பட்டது தன் வேலையை முடித்து, அழைத்த இடத்துக்கே திரும்பும். பிழையுள்ள செயற்கூறை நினைவகத்தில் இருந்த இடத்திலேயே அழித்து எழுத முடியாது. புதியது பழையதைவிட நீளமாக இருக்கலாம். அப்போது அடுத்த வீட்டுச் சுவரை இடிக்க வேண்டி வரும். எனவே புதிய செயற்கூறை நினைவகத்தில் வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, பழையதன் வாசலில் மட்டும் ‘அங்கே போ’ என்று கைகாட்டி நடுகிறார்கள்.

இந்தக் கைகாட்டிக்கு இடம் வேண்டுமே? நம் மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றில் உள்ள 64 பிட் இன்டெல் வகைச் செயலகங்களுக்காக லினக்ஸ் ஆயத்தம் செய்யப்படும்போது, செயற்கூறுகளின் தொடக்கத்தில் 5 பைட் அளவுக்கு ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளை வைக்கப்படுகிறது. செயற்கூறுகள் எப்போது ஓடுகின்றன என்று கண்காணிப்பதற்காக வைத்த காலியிடம் அது. ஒட்டுப் போடுபவர்களுக்கும் அது உதவியாயிற்று.

ஆனால் 5 பைட்டுகளை மாற்றுவதுகூட அவ்வளவு எளிதன்று. ஒரே கணிப்பொறியில் பல செயலகங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. நாம் 2 பைட்டுகளை மாற்றி முடித்த தருணத்தில் மற்றொரு செயலகம் அந்த இடத்தைப் படித்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான அர்த்தமற்ற கட்டளை அதற்குக் கிடைக்கும். விளைவு, கணிப்பொறி நிலைகுலையும்! இதைத் தவிர்க்கச் செய்திருக்கும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில் முதல் பைட்டை மட்டும் மாற்றி, ‘நில்’ என்னும் ஒரே பைட் நீளமுள்ள கட்டளையை வைக்கிறார்கள். ஒரு பைட்டில் பாதி என்பது கிடையாது. அப்போது வந்து சேரும் எந்தச் செயலகமும் ‘நில்’லைக் கண்டு, கெர்னல் காட்டும் மாற்று வழியில் பத்திரமாகச் சென்றுவிடும். அந்தக் காவலின் மறைவில் மீதி 4 பைட்டுகளை எழுதுகிறார்கள். கடைசியாக ‘நில்’லை எடுத்துவிட்டுச் சரியான முதல் பைட்டை வைக்கிறார்கள்.

உள்ளே யார் இருக்கிறார்கள்?

கைகாட்டி நட்டாயிற்று. இனி வருபவர்கள் புதிய வழியில் போவார்கள். ஏற்கனவே உள்ளே நுழைந்துவிட்டவர்கள்?

ஒரு மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் புதிய பாதைக்குக் கைகாட்டி வைத்த நேரத்தில், பழைய பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பேருந்துகள் ஏறிக்கொண்டிருக்கலாம். அவை உச்சிக்குப் போய்ச் சேரும்வரை பழைய பாதையை மூட முடியாது. வளைவில் ஒரு பேருந்து பழுதாகி நின்றிருந்தால் அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கெர்னலில் இதைக் கண்டறிய வழி இருக்கிறது. ஓடும் ஒவ்வொரு பணிக்கும், ‘எந்தச் செயற்கூறு எதை அழைத்தது, முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும்’ என்ற குறிப்புகள் தட்டுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்படுகின்றன. அந்த அடுக்கைப் புரட்டிப் பார்த்தால், இந்தப் பணி பழைய செயற்கூறுக்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கேஸ்பிளைஸ், எல்லாச் செயலகங்களையும் கண்ணிமைப்பதற்குள் நிறுத்திப் பிடித்து, அடுக்குகளைப் பார்த்து, யாரும் உள்ளே இல்லையென்றால் மாற்றிவிடும். ஆயிரத்தில் ஒரு விநாடிகூட ஆகாது.

2014இல் ரெட்ஹேட் நிறுவனம் ‘கேபேட்ச்’ என்றும், சூசே நிறுவனம் ‘கேகிராஃப்ட்’ என்றும் தனித்தனி முறைகளை வெளியிட்டன. இரண்டுக்கும் பொதுவான அடிப்படை 2015 ஏப்ரலில் வந்த லினக்ஸ் 4.0இல் சேர்க்கப்பட்டது. இரண்டின் நல்ல அம்சங்களையும் இணைத்த முறை 2017இல் 4.12ஆம் பதிப்பில் வந்தது. இதன்படி யாரையும் ஒட்டுமொத்தமாக நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பணியாகப் புதிய உலகத்துக்கு மாற்றப்படுகிறது. ஒரு பணி தூங்கும்போது அதன் அடுக்கில் பழைய செயற்கூறு இல்லையென்றாலோ, அது கெர்னலை விட்டு வெளியேறும் வாசலைக் கடந்தாலோ அதன் கையில் ‘புதியது’ என்ற முத்திரை குத்தப்படுகிறது. முத்திரை பெறாதவர்கள் வாசலுக்கு வந்தால் பழைய வழியிலேயே அனுப்பப்படுவார்கள். எல்லோரும் முத்திரை பெற்றபின்தான் மாற்றம் முடிந்ததாகக் கணக்கு.

இவ்வளவு கவனமாகப் பணி பணியாக மாற்றுவானேன், செயற்கூறு செயற்கூறாக மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். ஓர் உண்மையான பிழையை வைத்து இதற்கு விடை காண்போம்.

நூலகத்தில் நடந்த கதை

2016 அக்டோபரில் லினக்ஸில் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்பட்டது. ‘டர்ட்டி கவ்’ என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். 2007 முதலே அது கெர்னலில் இருந்து வந்தது. படிக்க மட்டுமே உரிமையுள்ள ஒரு சாதாரணப் பயனாளி, அந்த ஓட்டை வழியாக, எழுதக்கூடாத கோப்புகளில் எழுதி, கணிப்பொறி முழுவதையும் தன் வசமாக்கிக்கொள்ள முடிந்தது. டோர்வால்ட்ஸ் 11 ஆண்டுகளுக்கு முன்பே இதைத் திருத்த ஒரு முறை முயன்றார் என்பதும், வேறு வகைக் கணிப்பொறிகளில் தொல்லை தந்ததால் அந்தத் திருத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது என்பதும் சுவையான செய்திகள்.

பிழை இதுதான். ஒரு நூலகம். அங்கே ‘எழுதக்கூடாது’ என்ற அலமாரியில் ஒரு மூல நூல். அதில் குறிப்பெழுத விரும்பும் மாணவருக்கு நகல் எடுத்துத் தருவார்கள். நகலும் அதே அலமாரியில்தான் வைக்கப்படும். மாணவர் ‘எழுத’ என்று குறித்த சீட்டுடன் வருகிறார். இரண்டு எழுத்தர்கள் இருக்கிறார்கள். ஒருவர் நகலெடுப்பவர், மற்றவர் எடுத்துக் கொடுப்பவர். தலைமை எழுத்தர் சீட்டை இருவரிடமும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்.

கொடுப்பவர், ‘எழுதக்கூடாத அலமாரி, சீட்டிலோ எழுத என்று இருக்கிறது, தர முடியாது’ என்று திருப்பிவிடுகிறார். சீட்டு நகலெடுப்பவரிடம் போகிறது. அவர் நகல் எடுத்து வைத்துவிட்டு, கொடுப்பவர் மறுபடியும் மறுக்காமல் இருக்கட்டும் என்று சீட்டிலுள்ள ‘எழுத’ என்ற சொல்லை அடித்துவிடுகிறார். இப்போது கொடுப்பவர் தடை சொல்லாமல் நகலை எடுத்துக் கொடுக்கிறார். வேலை நடக்கிறது.

ஆனால் நகல் எடுத்ததற்கும் கொடுப்பதற்கும் இடையே, மாணவரின் கூட்டாளி ஒருவன் நகலைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டால்? சீட்டில் ‘எழுத’ என்ற சொல் இல்லை. கொடுப்பவர் கையில் கிடைத்த மூல நூலையே கொடுத்துவிடுவார். மாணவர் அதில் எழுதுவார்!

திருத்தம் மிகச் சிறியது. நகலெடுப்பவர் இனி ‘எழுத’ என்பதை அடிக்கக்கூடாது. அதன் அருகே ‘நகல் ஆயிற்று’ என்று கூடுதலாக எழுத வேண்டும். கொடுப்பவர், அந்தக் கூடுதல் குறிப்பையும், அலமாரியில் இருப்பது உண்மையிலேயே நகல்தானா என்பதையும் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

இங்கே கவனியுங்கள். இரண்டு விதிகளும் சேர்ந்து மாற வேண்டும். நகலெடுப்பவருக்கு மட்டும் புதிய விதி தெரிந்து, கொடுப்பவர் பழைய விதியிலேயே இருந்தால் என்ன ஆகும்? சீட்டில் ‘எழுத’ அப்படியே இருக்கிறது. கொடுப்பவர் மறுக்கிறார். நகலெடுப்பவர், ‘நகல்தான் ஆயிற்றே’ என்று திருப்பி அனுப்புகிறார். கொடுப்பவர் மறுபடி மறுக்கிறார். சீட்டு ஓயாமல் இருவருக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டையை அடைக்க வந்த ஒட்டே அந்தப் பணியை முடிவில்லாத சுழலில் தள்ளிவிடும். ஒரு பணிக்கு இரண்டு செயற்கூறுகளும் புதியவை, அல்லது இரண்டும் பழையவை. கலப்படம் கூடாது என்று விதித்திருப்பது இதனால்தான்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பழைய நகலெடுப்பவர் ‘எழுத’ என்பதை அடித்துவிட்டார். சீட்டு தலைமை எழுத்தரின் மேசையில் இருக்கிறது. அந்தக் கணத்தில் முத்திரை குத்தப்பட்டு, பணி புதிய உலகத்துக்கு வந்தால்? நகலெடுப்பவர், கொடுப்பவர் இருவருமே அப்போது அடுக்கில் இல்லை. ஆகவே விதிப்படி முத்திரை குத்தலாம். ஆனால் கையிலிருக்கும் சீட்டோ பழைய முறையில் அடிக்கப்பட்ட சீட்டு. புதிய கொடுப்பவரும் அதைக் கண்டு தடை சொல்ல மாட்டார். ஒட்டுப் போட்ட பிறகும், அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் ஓட்டை திறந்தே இருக்கும். இதற்கு வழி, தலைமை எழுத்தரையும் மாற்ற வேண்டியவர்கள் பட்டியலில் சேர்ப்பது. அவருடைய விதியில் ஓர் எழுத்துக்கூட மாறாவிட்டாலும் பரவாயில்லை. அவர் பட்டியலில் இருந்தால், சீட்டு அவர் மேசையை விட்டு நீங்கும்வரை முத்திரை குத்தப்படாது.

இத்தகைய கேள்வியை எழுப்புவதுதான் சரிபார்ப்பவரின் வேலை.

சீரமைத்தது எப்போது தொல்லையாகும்?

நிரல் எழுதுவோர் தங்கள் நிரலை அவ்வப்போது சீரமைப்பார்கள். செய்யும் வேலை மாறாது. அமைப்பு மட்டும் ஒழுங்காகும். நீளமான செயற்கூறை மூன்றாகப் பிரிப்பது, ஒரே கணக்கை நான்கு இடங்களில் எழுதியிருந்தால் ஓரிடத்தில் கொண்டுவருவது போன்றவை. நல்ல பழக்கம்தான். சாதாரணமாக இதைச் சரிபார்ப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘முன்பு வந்த விடையே இப்போதும் வருகிறதா?’

ஓடும்போதே போடும் ஒட்டுக்கு இந்தக் கேள்வி போதாது. பழைய அமைப்பும் சரி, புதிய அமைப்பும் சரி; ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடுவழியில் தாவுவது சரியா என்று பார்க்க வேண்டும். ஆய்வக அலமாரியைத் திறப்பவன் வேறு, பூட்டுபவன் வேறு என்பது ஒரு பள்ளியின் பழைய வழக்கம். திறந்தவனே பூட்ட வேண்டும் என்பது புதிய வழக்கம். இரண்டிலும் அலமாரி பூட்டப்படுகிறது. ஆனால் வழக்கம் மாறும் நாளில் திறந்தவன் பழைய வழக்கப்படி போய்விட, பூட்ட வேண்டியவன் புதிய வழக்கப்படி வராமல் இருந்தால் அலமாரி திறந்தே கிடக்கும். கெர்னலில் பொதுவான பொருள்களுக்குப் பூட்டுகள் உண்டு. பூட்டும் பொறுப்பைச் சீரமைப்பு இடம் மாற்றியிருக்கிறதா என்பதைச் சரிபார்ப்பவர் முதலில் தேடுவார்.

அடுத்தது, ஏட்டில் தெரியாத ஒரு சங்கதி. மனிதர் எழுதும் நிரலைச் செயலகத்தின் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அது வேகத்துக்காக ஒரு தந்திரம் செய்யும். சிறிய செயற்கூறை அழைப்பதற்குப் பதில், அதன் உடலையே அழைக்கும் இடங்களில் எல்லாம் நகலெடுத்து ஒட்டிவிடும். ‘7ஆம் விதியைப் பார்க்க’ என்று எழுதாமல், 7ஆம் விதியையே ஐந்து பக்கங்களில் எழுதி வைத்ததுபோல. பிறகு நீங்கள் 7ஆம் விதியைத் திருத்தினால் அந்த ஐந்து பக்கங்களும் பழையபடியே இருக்கும்! ஆகவே நிரலில் மாறியிருப்பது ஒரு செயற்கூறுதான் என்று தோன்றினாலும், உண்மையில் மாற்ற வேண்டியவை ஆறாக இருக்கலாம். இதனால் சரிபார்ப்பவர்கள் எழுதிய நிரலை மட்டும் பார்ப்பதில்லை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைலர் தந்த விளைவுகளை ஒப்பிட்டு, எவையெல்லாம் வேறுபடுகின்றன என்று பட்டியல் எடுக்கிறார்கள். 2019இல் வெளிவந்த ஜிசிசி 9 என்னும் கம்பைலரில், இத்தகைய தந்திரங்களை ஒட்டுப் போடத் தோதாகக் கட்டுப்படுத்தவே ஒரு வசதி சேர்க்கப்பட்டது.

எல்லாவற்றிலும் கடினமானது தரவின் வடிவம் மாறுவது. கெர்னலில் ஒரு பதிவில் 4 கட்டங்கள், கட்டத்துக்கு 4 பைட் என்று வைத்துக்கொள்வோம். அவை 0, 4, 8, 12 என்ற இடங்களில் தொடங்கும். மூன்றாவது கட்டம் வேண்டுமென்றால் செயலகம் அதன் பெயரைத் தேடாது. தொடக்கத்திலிருந்து 8 தள்ளிப் படிக்கும். சீரமைக்கிறேன் என்று முதலிலேயே ஒரு புதிய கட்டத்தைச் செருகினால் எல்லாம் 4 பைட் தள்ளிப்போகும். அப்போது 8ஆம் இடத்தில் இருப்பது பழைய இரண்டாவது கட்டம். ஒட்டுக்குள் வராத பழைய செயற்கூறுகள் அதையே மூன்றாவது என்று நினைத்துப் படிக்கும். தவிர, நினைவகத்தில் ஏற்கனவே பழைய வடிவத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இருக்கின்றன. அவற்றை யார் நீட்டுவது?

எனவே பதிவைத் தொடாமல் திருத்தத்தை மறுபடி எழுதுகிறார்கள். புதிய கட்டத்துக்குரிய செய்தியைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி, எந்தப் பதிவுக்கு உரியது என்று அதன் முகவரியைப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறார்கள். நிழல் மாறிகள் என்று இவற்றுக்குப் பெயர். லினக்ஸில் 2018இல் வந்த 4.15ஆம் பதிப்பிலிருந்து இவை உள்ளன. பார்ப்பதற்கு அழகான ஏற்பாடு அன்று; தேடும் நேரமும் கூடுகிறது. ஆனால் இங்கே அழகு இரண்டாம் பட்சம்தான். டர்ட்டி கவ் திருத்தத்தைப் பாருங்கள். ‘நகல் ஆயிற்று’ என்ற குறிப்பு, சீட்டில் ஏற்கனவே காலியாக இருந்த ஒரு பிட்டில் எழுதப்பட்டது. பதிவின் நீளம் மாறவில்லை. ஒட்டுப் போடுபவருக்கு இதைவிட அனுகூலம் வேறென்ன?

சில செயற்கூறுகளை நேரடியாக மாற்றவே முடியாது. எது அடுத்து ஓடுவது என்று முறைவைக்கும் செயற்கூறு அத்தகையது. தூங்கும் ஒவ்வொரு பணியும் அதற்குள்தான் தூங்குகிறது. அந்தப் பாதை ஒருநாளும் காலியாவதில்லை. அப்போது திருத்தத்தை வேறு செயற்கூறுக்கு நகர்த்த முடியுமா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால், ‘இதற்கு மறுதொடக்கமே வழி’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிச் சொல்லத் தெரிந்தவரே நல்ல சரிபார்ப்பவர் என்பேன்.

எத்தனை திருத்தங்கள் இவ்வாறு திரும்பும்? அர்னால்டும் அவருடைய சகாக்களும் 2005 மே முதல் 2008 மே வரை லினக்ஸில் வந்த 64 முக்கியப் பாதுகாப்புத் திருத்தங்களை எடுத்துச் சோதித்தார்கள். 56 திருத்தங்களை ஒரு வரிகூட மாற்றாமல் ஓடும்போதே போட முடிந்தது. மீதி 8க்கும் சராசரியாக 17 வரிகள் கூடுதலாக எழுதினால் போதுமானதாக இருந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் சின்னஞ்சிறியவை, ‘இந்த எண் எல்லைக்குள் இருக்கிறதா’ என்று பார்க்கும் ஒரு வரியைப் போன்றவை. ஆகவேதான் இது சாத்தியமாயிற்று. அந்த ஒரு வரியோடு, ‘கையோடு கையாக’ அக்கம்பக்கத்தையும் சீரமைத்து அனுப்பினால் கணக்கு மாறிவிடும். எனவே சரிபார்ப்பவர்கள் திருத்தத்தைத் தனியாகவும் சீரமைப்பைத் தனியாகவும் கேட்கிறார்கள்.

இருபத்திரண்டரை மணி நேரத்துக்கு அப்பால்

நிரலைப் பிரித்து அடுக்குவதே ஒட்டுப் போடுவதற்கு ஒரே வழியாக அமைந்த நிகழ்ச்சியும் உண்டு. காவலூரில் யுரேனஸ் வளையம் பதிவான அதே 1977இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் புறப்பட்டன. வாயேஜர் 2, 1986 ஜனவரி 24 அன்று யுரேனஸைக் கடந்து அந்த வளையங்களைப் படமெடுத்தது. வழியில் போகும்போதே, படங்களைச் சுருக்கி அனுப்பும்படி அதன் கணிப்பொறிகளின் நிரல் பூமியிலிருந்து மாற்றப்பட்டிருந்தது. அந்த ஜனவரி 6ஆம் தேதிதான் காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

வாயேஜர் 1, 2023 நவம்பரில் பொருளற்ற செய்திகளை அனுப்பத் தொடங்கியது. தரவுகளைத் தொகுக்கும் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு சில்லு பழுதாகி, அதில் இருந்த நிரல் பகுதி போய்விட்டது என்று பின்னர் தெரிந்தது. சில்லை மாற்ற யார் போவது? நிரலை வேறிடத்தில் வைக்கலாம் என்றால், அது முழுவதையும் கொள்ளும் காலியிடம் ஓரிடத்திலும் இல்லை. பொறியாளர்கள் நிரலைத் துண்டுகளாக்கி, கிடைத்த சந்துகளில் எல்லாம் வைத்தார்கள். துண்டுகள் சேர்ந்து முன்புபோலவே வேலை செய்ய வேண்டும். பழைய இடத்தைச் சுட்டும் முகவரிகள் எங்கெங்கே உள்ளனவோ அவற்றையும் திருத்த வேண்டும். கலத்தின் தூரமோ சுமார் 2,400 கோடி கிலோமீட்டர். செய்தி போய்ச் சேர 22½ மணி, விடை வர இன்னொரு 22½ மணி. தவறிழைத்தால் உடனே அறிந்து திருத்திக்கொள்ள வழியில்லை. எனவே அனுப்பும் முன் பூமியிலேயே ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தாக வேண்டும்.

கலத்தின் உடல்நிலையைத் தெரிவிக்கும் பகுதியை முதலில் பிரித்து 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதங்களுக்குப் பிறகு, படித்துப் பொருள்கொள்ளக்கூடிய விடை வந்தது.